எந்தப் போத்தல் முந்தும்?

எனக்கு உடம்பு நடுங்கத் தொடங்கியபோது சுற்றியிருந்தவர்கள் கைதட்டினார்கள்.

அவர்கள் மேல் பிழை சொல்ல முடியாது. நான் கொட்டாஞ்சேனையில் பாடசாலை வான் ஓட்டுகிறவன். மழை நாளில் ஸ்டார்ட் ஆகாத என் பழைய வானை உடம்பாலேயே நடித்துக் காட்டுவது என்னுடைய பேர்போன பகிடி. முதலில் முழங்கால் உதறும், பிறகு தோள், கடைசியில் பல் கிடுகிடுக்கும், நடுவில் ஒரு புகைத் தும்மல். கலியாண வீடோ ஞானஸ்நான வீடோ, சாப்பாடு முடிந்ததும் யாராவது ஒருவர், "பெனி, அந்த வானை ஒருக்கா ஸ்டார்ட் பண்ணு" என்பார். நானும் வெட்கமில்லாமல் பண்ணுவேன். ஐம்பதைத் தாண்டியவனுக்கு இதைவிட வேறு என்ன திறமை இருக்கிறது?

அன்று எங்கள் தொடர்மாடியில் கீழ் வீட்டுப் பிள்ளை முதன்முதல் நற்கருணை எடுத்த முதல்நன்மை விருந்து. நான் கிளினிக்கிலிருந்து நேரே அங்கே போயிருந்தேன். கையில் பட்டிஸ் பலகாரத் தட்டோடு நின்றபோது முழங்காலில் தொடங்கியது. ஐஸ் கட்டிக்குள் இறக்கிவிட்டதுபோல ஒரு குளிர். தோள் உதறியது. பல் அடித்தது. தட்டிலிருந்த பட்டிஸ் ஒவ்வொன்றாகக் கீழே குதித்தது. சனம் சிரித்தது, கைதட்டியது, ஒரு பொடியன் வாயால் ஹோர்ன் கூட அடித்துவிட்டான். என் மனைவி ரோசியும் சிரித்தாள். நிறுத்துங்கோ என்று சொல்ல வாயைத் திறந்தேன். பல் அடித்த அடியில் சொல் வெளியே வரவில்லை. அதுவும் நடிப்பின் ஒரு பகுதி என்று எடுத்துக்கொண்டார்கள்.

சிரிப்பை முதலில் நிறுத்தியவள் ரோசிதான். என் உதடு நீலமாகியிருந்ததை அவள் கண்டுவிட்டாள். வான் எவ்வளவு பழசானாலும் உதடு நீலமாகாது என்று அவளுக்குத் தெரியும்.

என்ன நடந்தது என்று விளங்க வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னுக்குப் போக வேண்டும். எனக்குக் குடலில் புற்றுநோய். மூலம் என்று நானே வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தது கடைசியில் அதுவாகப் போனது. வெட்டி எடுத்தார்கள். அதற்குப் பிறகு கீமோ, அதாவது மிச்சசொச்ச நோயை எரிக்கிற மருந்தை இரத்தக் குழாய் வழியாக ஏற்றுவது. இந்த மருந்து கொஞ்சம் குணம் கெட்டது. நோயை எரிக்கிற வேகத்தில் கையின் சின்ன இரத்த நரம்புகளையும் எரித்துவிடும். சில தடவையிலேயே என் இரண்டு கை நரம்பும் காய்ந்த வயர்போல இறுகிப் போயின. ஊசி குத்த வருகிற மிஸ்மார் என் கையைத் தட்டித் தடவிப் பார்த்துவிட்டு, பாவம் பார்த்து வேறு மிஸ்ஸைக் கூப்பிடப் போவார்கள். எங்கள் ஊரில் தாதியை மிஸ் என்றுதான் கூப்பிடுவது.

அதனால் நெஞ்சில் தோலுக்குக் கீழே ஒரு சாமானைப் புதைத்தார்கள். போர்ட் என்று பேர். சோடா மூடி அளவில் ஒரு சின்னக் குடுவை, மேலே தடித்த இறப்பர் மூடி. அதிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று தோலுக்கடியில் ஓடி, கழுத்துப் பக்கத்துப் பெரிய நரம்புக்குள் இறங்கி, இதயத்தின் வாசலில் போய் நிற்கும். மருந்து ஏற்றும்போது வெளியே இருந்து அந்த இறப்பரில் ஊசியைக் குத்தினால் போதும். ஏற்றாத காலத்திலும் இடைக்கிடை உப்புத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே இரத்தம் உறைந்து அடைத்துவிடும். வைக்கிறதுக்கு முன்னால் சத்திரசிகிச்சை டொக்டர் வாகனம் ஓட்டுகிறவரா என்று கேட்டார். சாரதியின் சீட் பெல்ட் வலது தோளில் வரும் என்பதால் எனக்கு இடது பக்கம் வைத்தார். என் தொழிலுக்கு மரியாதை கொடுத்த முதல் டொக்டர் அவர்தான்.

சாமானை வெளியே காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. அந்தக் கதையை விடுவோம். நண்பர்கள் கை கொடுத்தார்கள், நான் வெட்கப்பட்டேன், அவ்வளவுதான்.

சட்டையைக் கழற்றினால் இடது கழுத்தெலும்புக்குக் கீழே ஒரு மேடு தெரியும். அந்த மேட்டில்தான் கதை தொடங்குகிறது.

எங்கள் கொழும்பு பதின்மூன்றில் ஒருவருக்கு நோய் வருத்தம் என்றால் எல்லாக் கோயிலிலிருந்தும் ஏதாவது வந்து சேரும். செவ்வாய்க்கிழமை ரோசி அந்தோனியார் கோயிலிலிருந்து எண்ணெய் கொண்டுவருவாள். வெள்ளிக்கிழமை ஜிந்துப்பிட்டியிலிருந்து செல்வராணி முருகன் கோயில் திருநீறோடு வருவார். அவருடைய இரண்டு பிள்ளைகளும் என் வானில்தான் போனவர்கள். ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிற என் கூட்டாளி நவாஸ், பள்ளிவாசலில் ஓதின தண்ணீரைப் போத்தலில் கொண்டுவருவான். வழக்கமாக எண்ணெயும் திருநீறும் நெற்றிக்கும், தண்ணீர் வயிற்றுக்கும் போகும். எனக்கு மட்டும் அந்த வழக்கம் மாறியது. மாற்றியவள் ரோசி.

"மருந்து போற வாசல் இதுதானே," என்றாள், மேட்டில் எண்ணெயைத் தொட்டுச் சிலுவை போட்டபடி. "அருளும் இதாலயே போகட்டும்."

சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. செல்வராணி கேட்டுவிட்டுத் திருநீறையும் அங்கேயே பூசினார். நவாஸ் வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு துளி தண்ணீர் தெளித்தான். ஒரு சோடா மூடி அளவு இடத்தில் மூன்று சமயமும் சண்டையில்லாமல் இருந்தன. நாட்டிலேயே சமாதானமான இடம் என் நெஞ்சுதான் என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். மேலும் மேலும் ஆட்கள் வந்து தொட்டுப் பார்த்தார்கள்.

முதல்நன்மை விருந்தன்று காலையில் குழாய் கழுவுவதற்காகப் பொரளையில் என்னைப் பார்க்கிற ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். மிஸ் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து மேட்டைத் துடைத்துவிட்டுப் பஞ்சைத் தூக்கிப் பார்த்தார். சாம்பல் நிறம், அதில் எண்ணெய் மினுக்கம். இது என்ன என்று சிங்களத்தில் கேட்டார். நான் என் சமாதானக் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. இந்த இடத்தில் சவர்க்காரத்தைத் தவிர வேறொன்றும் படக்கூடாது என்று ஏசிவிட்டு, மறுபடி மறுபடி துடைத்து, ஊசி குத்தி, உப்புத் தண்ணீர் விட்டுக் கழுவி அனுப்பினார். அங்கிருந்து வந்து பட்டிஸ் தட்டைக் கையில் எடுத்தபோதுதான் வான் ஸ்டார்ட் ஆனது.

ஆட்களை வெளியே விடாமல் வைத்திருப்பதில் ஆஸ்பத்திரிக்கு இருக்கிற கெட்டித்தனம் எனக்கு அதுவரை தெரியாது. அன்றே என்னைச் சேர்த்த வாட்டில் ஜன்னலோரக் கட்டில் கிடைத்தது என்று முதலில் சந்தோஷப்பட்டேன். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். கையை நீட்டினால் தொடலாம். அதில் ஒரு தண்ணீர்ப் பைப், பைப்பில் ஒரு காகம். காகம் வரும், போகும். நான் இருப்பேன்.

வலது கையில் மிஞ்சியிருந்த ஒரே நரம்பைத் தேடிப்பிடித்துச் சேலைன் போட்டிருந்தார்கள். அதைத் தொங்கவிட்ட கம்பிக்கு நான்கு சில்லு. ஒன்று இறுகிப் போயிருந்ததால் அது இடப்பக்கம் மட்டும் திரும்பும். கக்கூஸ் வலப்பக்கம். ஒரு முழு வட்டம் அடித்துத்தான் போய்ச்சேர வேண்டும். இருபது வருஷத்துக்கு மேல் கொழும்பு நெரிசலில் வாகனம் ஓட்டிய எனக்கு இப்படியொரு வண்டி வாய்த்தது. வாட் வாசலில் ஒரு காவலாளி. அவரைத் தாண்டி நடைவழியும் படியும் கேட்டும். கேட்டுக்கு அப்பால் பஸ் ஹோர்ன் கேட்கும். கேட்கிற ஒவ்வொரு ஹோர்னையும் எந்த ரூட் என்று ஊகிப்பேன். பிடிபட்டால் அதில் மனதால் ஏறிக் கொட்டாஞ்சேனையில் இறங்குவேன். பிறகு கண்ணைத் திறந்தால் சுவர்.

எங்கள் வாட்டைப் பார்த்த டொக்டர் வெள்ளவத்தையில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளை. வயதில் என் மகளாக இருக்கலாம். அவர் கட்டிலில் சாய்ந்து நின்று எனக்கும் ரோசிக்கும் விளக்கினார். குழாயைக் கழுவியதும் நடுக்கம் வந்திருக்கிறது. அப்படியானால் குழாய்க்குள் கிருமி குடியிருக்கிறதோ என்று சந்தேகம். கழுவும்போது அது இரத்தத்துக்குள் தள்ளுப்பட்டிருக்கும். நிச்சயப்படுத்த ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இரத்தம் எடுத்திருக்கிறார்கள், போர்ட்டிலிருந்து ஒன்று, கையிலிருந்து ஒன்று. இரண்டையும் கிருமி வளர்கிற சத்துத் தண்ணீர் உள்ள போத்தல்களில் விட்டு மெசினில் வைப்பார்கள். எந்தப் போத்தலில் கிருமி முதலில் தலைகாட்டுகிறது என்று பார்ப்பார்கள். குழாய்ப் போத்தல் நன்றாக முந்திவிட்டால் கிருமியின் வீடு குழாய்தான்.

"அப்படி எண்டா?" என்று கேட்டேன்.

முதலில் குழாயைக் காப்பாற்றப் பார்ப்போம் என்றார். சரிவராவிட்டால் கழற்ற வேண்டும். கழற்றினால் இரத்தம் சுத்தமாகும்வரை புதுக் குழாய் வைக்க முடியாது. என் கை நரம்பு கீமோவைத் தாங்காது. ஆகவே மருந்து நிற்கும். மிச்சமிருந்த மருந்து முடியாமல் நடுவில் நின்றால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை, நாங்கள் கேட்கவுமில்லை.

ரோசி வேறொன்று கேட்டாள். "டொக்டர், குழாய்ப் போத்தல் முந்தினா, கிருமி தோலால போனது எண்டுதானே?"

போயிருக்கலாம் என்றார் டொக்டர்.

ரோசி மடியிலிருந்த கைப்பையை இறுக்கிப் பிடித்தாள். பைக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை எண்ணெய்ப் போத்தல்.

பக்கத்துக் கட்டிலில் ஹெந்தளை வில்பிரட் அய்யே. மீன் வியாபாரி, தொண்டையில் புற்று, குரல் பாதிதான் மிச்சம். சிங்களமும் தமிழும் கலந்து கதைப்பார். அவர் எனக்கு அய்யே, அண்ணன்; நான் அவருக்கு மல்லி, தம்பி. டொக்டர் போனதும் என் பக்கம் சரிந்து, "மல்லி, நான் குழாய்ப் போத்தலுக்குக் கட்டுறன். நீ?" என்றார். காலையில் தருகிற அவித்த முட்டைதான் பந்தயம். நான் கைப்போத்தல் பக்கம் கட்டினேன். தோற்பேன் என்று எனக்குத் தெரியும், நடுக்கம் எப்போது வந்தது என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? ஆனாலும் ரோசியின் பக்கம் ஒருவராவது கட்ட வேண்டுமே.

பந்தயக் கதை வாட் முழுக்கப் பரவியது. வலியில் முனகுகிற ஆட்கள்கூட இடையில் நிறுத்தி, "போத்தல் என்ன மாதிரி?" என்று கேட்டார்கள்.

காத்திருக்கிற அந்த நாட்களில் ஒன்று விளங்கியது. நான் கட்டிலில் மட்டும் மாட்டியிருக்கவில்லை. பார்க்க வருகிறவர்கள் கட்டிலைச் சுற்றி நிற்பார்கள், தோடம்பழப் பையை வைப்பார்கள், பிறகு என் வாயைப் பார்ப்பார்கள். நான் ஏதாவது பகிடி விட்டால்தான் அவர்களுக்கு மூச்சு வரும். பெனி பகிடி விடுகிறான், அப்படியானால் பெரிய வருத்தம் இல்லை என்று நிம்மதியாகப் போவார்கள். காய்ச்சல் கண்ணை எரிக்கும்போதும் நான் காகத்தைப் பற்றி, சில்லு இறுகிய கம்பியைப் பற்றி ஏதாவது எடுத்துவிட வேண்டும். எல்லோரும் போனதும் தலையணைக்குள் முகத்தை வைத்துக்கொள்வேன். நவாஸ் ஒருவன்தான் அதைக் கண்டுபிடித்தான். ஒரு பின்னேரம் வந்து கதிரையில் இருந்தான். நான் தொடங்க வாயைத் திறந்தேன்.

"வேணாம் மச்சான்," என்றான். "நான் சும்மா ஈக்க வந்த. நீயும் சும்மா ஈ."

பெல் அடிக்கும்வரை இருவரும் சும்மா இருந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அதைவிட நல்ல பழம் எனக்கு யாரும் கொண்டுவரவில்லை.

குழாய்ப் போத்தல் முந்தியது. முந்தியது என்றால் கொஞ்சநஞ்சமில்லை. கைப்போத்தல் இன்னும் வீட்டில் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது இது பந்தயத்தை முடித்துவிட்டது. அடுத்த நாள் காலை என் முட்டையைத் தட்டோடு வில்பிரட் அய்யேயிடம் நீட்டினேன். வாங்கித் தன் அலுமாரி மேல் வைத்தார். சாப்பிடவில்லை. சும்மா கட்டினேன் மல்லி, என்பதுபோலக் கையை ஆட்டினார். முட்டை அங்கேயே இருந்தது. நாங்கள் இருவரும் அதைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டோம். மத்தியானம் வாட் பூனை வந்து பிரச்சினையைத் தீர்த்துவைத்தது.

பின்னேரம் டொக்டர் ரோசியிடமும் சொன்னார். ரோசி கைப்பையைத் திறந்து எண்ணெய்ப் போத்தலை எடுத்துக் கட்டில் மேல் வைத்தாள்.

"இதையும் டெஸ்ட் பண்ணுங்கோ டொக்டர்."

டொக்டர் போத்தலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இதையெல்லாம் இங்கே பார்க்க மாட்டார்கள் என்று மெதுவாகச் சொன்னார். பிறகு தன் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.

"அம்மா, இந்தக் கிருமி எல்லாருடைய தோலிலயும் இருக்கு. உங்கட கையில, என்ர கையில, அவற்ற நெஞ்சிலயும்தான். எவ்வளவு கவனமா வைச்ச ஆக்களுக்கும் வரும். ஆர் கொண்டுவந்தது எண்டு எந்த மெசினும் சொல்லாது."

ரோசி தலையாட்டினாள். ஆறுதல் அடைந்த தலையாட்டல் இல்லை அது. தண்டனையைக் கேட்டுக்கொள்கிற தலையாட்டல். டொக்டர் போனதும் எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. சும்மா இருந்திருக்கலாம். நவாஸிடம் படித்த பாடத்தை அதற்குள் மறந்துவிட்டேன்.

"ரோசி, அந்தோனியார் காணாமப் போனதைக் கண்டுபிடிச்சுக் குடுக்கிறவர்தானே? கிருமியையும் அவர்தான் தேடிக் குடுத்திருப்பார்" என்றேன்.

என் பகிடிக்கு அவள் சிரிக்காமல் விட்ட நாட்கள் உண்டு. பழசு என்று முகம் சுளித்த நாட்களும் நிறைய. அன்று போல என்னைப் பார்த்ததில்லை.

"உங்களுக்கு எல்லாம் பகிடி," என்றாள். "நான் என்ர கையாலேயே உங்களைக் கொல்லப் பார்த்திருக்கிறன்."

போத்தலைப் பைக்குள் போட்டாள். போகும்போது எப்போதும் என் நெற்றியில் பெருவிரலால் ஒரு சிலுவை போடுவாள். கலியாணம் முடித்த நாளிலிருந்து நான் வான் எடுக்கிற ஒவ்வொரு காலையும் அது உண்டு. அன்று போடாமல் போனாள்.

குழாயைக் காப்பாற்றுகிற முயற்சி தொடங்கியது. கிருமிகள் குழாய்க்குள் ஒட்டிக்கொண்டு தங்களைச் சுற்றி வழுவழுப்பாக ஒரு படலம் கட்டிக்கொள்ளுமாம். கை வழியாக ஏற்றுகிற மருந்து இரத்தத்தில் திரிகிறவர்களைக் கொல்லும், வீட்டுக்குள் ஒளிந்திருப்பவர்களைத் தொடாது. அதனால் கடுமையான மருந்தைப் போர்ட் குழாய்க்குள் நிரப்பி, இதயத்துக்குப் போகவிடாமல் அப்படியே பூட்டி வைப்பார்கள். கிருமி உள்ளே, மருந்து உள்ளே, கதவு பூட்டு. நானும் அப்படித்தான் கிடந்தேன். எனக்கும் கிருமிக்கும் நடுவில் யார் முதலில் வெளியே வருவது என்பதுதான் கேள்வி.

ரோசி ஒரு நாளும் தவறவில்லை. சோறு, இரசம், எனக்குப் பிடித்த கீரை. ஆனால் கட்டிலின் கால்பக்கத்தில் நின்றுகொண்டு கொடுப்பாள். வந்ததும் கை கழுவுவாள், கொடுத்த பிறகும் கழுவுவாள், விரல் வெளிறும்வரை. என் தலையணையைக்கூடத் தானே சரிசெய்யாமல் வாட் வேலையாளைக் கூப்பிட்டாள். நெற்றியை நீட்டிப் பார்த்தேன்; கண்டும் காணாததுபோல சாப்பாட்டு டப்பாவை மூடினாள். கிருமி குழாய்க்குள் இருந்ததைவிட இதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது.

காய்ச்சல் இறங்கியது. இரண்டு நாள் நல்ல பிள்ளையாக இருந்தேன். கேட்டுக்கு அப்பால் பஸ் ஹோர்ன் கேட்டபோது, சரி, இந்த வாரம் உண்மையாகவே ஏறலாம் என்று நினைத்தேன். அன்று பார்வையாளர் நேரத்தில் கீழ்வீட்டுக்காரர் குடும்பத்தோடு வந்திருந்தார். முதல்நன்மை எடுத்த பிள்ளையும் வந்திருந்தது. காகக் கதையைப் பாதி சொல்லிக்கொண்டிருந்தபோது முழங்காலில் தொடங்கியது.

இந்தத் தடவை யாரும் கைதட்டவில்லை. கட்டில் கம்பி சத்தம் போட்டது. அந்தச் சின்னப் பிள்ளை பின்னுக்குப் போய்த் தகப்பனின் காலைப் பிடித்துக்கொண்டது. வில்பிரட் அய்யே தன் பாதிக் குரலை எல்லாம் சேர்த்து, "மிஸ்!" என்று கத்தினார். அதற்குப் பிறகு அவருக்கு அன்று முழுக்கக் குரல் வரவில்லை. ரோசி கட்டிலின் கால்பக்கத்தில் இரும்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு அடி முன்னுக்கு வந்தாள். பிறகு நின்றுவிட்டாள்.

கழற்றுவது என்று தீர்மானித்தார்கள். கிருமி இதயத்தின் வால்வில் போய் ஒட்டிவிட்டதா என்று ஸ்கேன் பார்த்தார்கள், ஒட்டவில்லை. அதைச் சொன்னபோது அந்த நாட்களில் முதன்முதலாக எனக்கு அழுகை வந்தது. நல்ல செய்திக்கு அழுகிற ஆள் நான் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

கழற்றும்போது மயக்க மாட்டார்கள். அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்வார்கள். முகத்துக்கு மேல் பச்சைத் துணி. துணிக்கு அப்பால் டொக்டர்மார் கிரிக்கெட்டைப் பற்றிக் கதைத்தார்கள். எங்கள் அணி அன்றும் தோற்றுக்கொண்டிருந்தது. வலி இல்லை, இழுபடுகிற உணர்வு மட்டும், ஈரச் சட்டையிலிருந்து யாரோ நூல் இழுக்கிறதுபோல. முடிந்ததும் பார்க்கலாமா என்று கேட்டேன். தட்டில் வைத்துக் காட்டினார்கள். சோடா மூடிக்கு ஒரு வால். இரத்தக் கறையைத் தவிரப் பார்வைக்குப் புத்தம் புதுசு. உள்ளே இவ்வளவு சனம் குடியிருந்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வாலின் நுனியை வெட்டிப் பரிசோதனைக்கு எடுத்துக்கொண்டார்கள். மேடு இருந்த இடத்தில் எனக்கு இப்போது ஒரு பள்ளமும் தையலும்.

அதற்குப் பிறகும் விடவில்லை. இரத்தம் சுத்தம் என்று போத்தல் சொல்ல வேண்டும். இந்தத் தடவை எந்தப் போத்தலும் முந்தக்கூடாது, இரண்டும் சோம்பேறியாகக் கிடக்க வேண்டும் என்பதுதான் பிரார்த்தனை. கீமோ நின்றுபோயிருந்தது. மருந்து இல்லாத நாட்களில் உடம்பு நன்றாக இருந்தது; அதுதான் பயம். சாப்பாடு ருசித்தது, வாய்ப்புண் ஆறியது, தலையில் பூனை மயிர்போல ஏதோ முளைத்தது. அதே நேரத்தில் உள்ளே மற்றவனும், அந்தப் புற்றும், இப்படித்தான் தேறிக்கொண்டிருப்பான் என்று நினைத்தால் சோறு இறங்காது.

போத்தல்கள் இரண்டும் சோம்பேறிகளாகவே கிடந்தன. வலது மேற்கையில் புதிதாக ஒரு மெல்லிய குழாய் வைத்தார்கள். இது புதைக்கிறதல்ல, முனை வெளியே இருக்கும், மேலே கண்ணாடிபோல ஒரு ஒட்டு. வாரம் ஒருமுறை ஒட்டு மாற்ற வேண்டும், தண்ணீர் படக்கூடாது. துண்டு வெட்டி வீட்டுக்கு விடுகிற நாளில் டொக்டர் ரோசியைத் தனியாகக் கூப்பிட்டு, நெற்றியில் பூசலாம், காலில் பூசலாம், ஊசி போகிற இடத்தில் மட்டும் ஒன்றும் வேண்டாம் என்று சொன்னார். ரோசி, "சரி டொக்டர்" என்றாள். நான் வில்பிரட் அய்யேயிடம் விடைபெற்றேன். அவர் அலுமாரியைத் திறந்து, கடதாசியில் சுற்றிய ஒரு அவித்த முட்டையைத் தந்தார். கடன் என்று கையால் காட்டினார். வாங்கிக்கொண்டேன். பஸ்ஸில் அல்ல, நவாஸின் காரில் வீடு வந்தேன். ஒவ்வொரு சந்தியிலும் ஹோர்ன் அடிக்கச் சொன்னேன், அவனும் அடித்தான்.

வீட்டில் புதுச் சட்டம். கதவடியில் ரோசி சுங்க அதிகாரிபோல நிற்பாள், வருகிறவர் கை கழுவித்தான் உள்ளே வரலாம். செல்வராணி திருநீறோடு வந்தார், "எங்கக்கா வைக்கிறது?" என்று ரோசியிடமே கேட்டார். நெற்றியில் என்றாள் ரோசி. நவாஸின் தண்ணீரைக் குடித்தேன். எல்லாம் பழையபடி நடந்தது. அந்தோனியார் எண்ணெய் மட்டும் அவருடைய படத்துக்குப் பின்னால் மூடி திறக்காமல் இருந்தது. ரோசி செவ்வாய்க்கிழமை கோயிலுக்குப் போவாள், வெறுங்கையோடு வருவாள். என் நெற்றி வெறும் நெற்றியாகவே இருந்தது.

இன்னொரு ஒப்பந்தமும் இருந்தது. இனி வீட்டில் நான் வானை ஸ்டார்ட் பண்ணக்கூடாது. நடுங்கினால் அது உண்மை. இது ரோசி கேட்டது, நான் சத்தியம் பண்ணிக் கொடுத்தது.

கீமோ மறுபடி தொடங்குகிற காலை வந்தது. கட்டில் விளிம்பில் இருந்து சப்பாத்துப் போடக் குனிந்தேன். குனிந்தவன் போடவில்லை. எனக்குப் பயமாக இருந்தது, உண்மையைச் சொன்னால். அந்தக் கதிரை, அந்த மருந்து வாசம், புதுக் குழாய்க்குள்ளும் யாராவது குடிவந்துவிடுவார்களோ என்ற நினைப்பு. படத்தைப் பார்த்தேன்.

"ரோசி, அந்த எண்ணெயில கொஞ்சம் பூசிவிடு."

அவள் பையில் பிளாஸ்கை வைத்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. "வேண்டாம்," என்றாள்.

"கால் பெருவிரல்ல பூசு. அங்க இருந்து இந்தக் குழாய்க்கு வாறதெண்டா கிருமிக்கு ரெண்டு பஸ் மாறோணும்."

சிரிக்கவில்லை. பிளாஸ்கை இறக்கிப் பையை மூடினாள். பிறகு குசினிக்குப் போனாள். தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. வாட்டில் மிஸ்மார் கழுவுவதுபோல முழங்கைவரை கழுவியிருப்பாள், அவ்வளவு நேரம் ஓடியது. கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள், ஈரம் சொட்ட. படத்துக்குப் பின்னாலிருந்து போத்தலை எடுத்து, நிலத்தில் உட்கார்ந்து, என் காலைத் தன் மடியில் வைத்தாள்.

எத்தனை நாளுக்குப் பிறகு அந்தக் கை என்மேல் பட்டது. குளிர்ந்திருந்தது. பெருவிரலில் எண்ணெயை வைத்துச் சிலுவை போட்டாள். விரல் வழுக்கி உள்ளங்காலுக்கு இறங்கியது. எனக்கு முழங்கால் உதறியது. தோள் உதறியது.

அவள் போத்தலைப் போட்டுவிட்டு என் கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்தாள். முகத்தில் இரத்தமே இல்லை.

"என்னப்பா? நடுக்கமா?"

"கூசுதடி," என்றேன்.

நம்பவில்லை. என் மூஞ்சியை, என் உதட்டின் நிறத்தைப் பார்த்தாள். எழும்பிப் போய்த் தெர்மோமீட்டரைக் கொண்டுவந்து என் வாய்க்குள் சொருகினாள். ஒன்றும் கதைக்க முடியாமல், ஒரு பகிடிகூட விட முடியாமல், எண்ணெய்க் காலை அந்தரத்தில் தூக்கிக்கொண்டு இருந்தேன். அவள் புறங்கையை என் நெற்றியில் வைத்தாள், எடுக்கவில்லை. தெர்மோமீட்டர் கீச்சிட்டது. எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள்.

"காய்ச்சல் இல்ல," என்றாள்.

பிறகு மறுபடி நிலத்தில் உட்கார்ந்து, மற்றக் காலை நீட்டச் சொன்னாள்.